புகை மட்டும் காக்காது: காங்கேசன்துறையில் கற்ற பாடமும் வீட்டில் கட்டும் மின்சாரப் புகைப்பெட்டியும்



தீபாவளி வந்தால் நம்ம லயங்களில் பங்கு இறைச்சி வரும். ஆடோ பன்றியோ கோழியோ, அவரவர் வழக்கப்படி கறி மணக்கும். முதல் நாள் குழம்பு, இரண்டாம் நாள் பொரியல், மூன்றாம் நாள் என்ன செய்வது? பிரிட்ஜ் உள்ள வீடு கொஞ்சம். வெயிலில் காய வைக்கலாம் என்றால் மலையில் மூடுபனி விடாது. அதனால் நம்ம பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து ஒரு வழி உண்டு. இறைச்சியைக் கீற்றாக வெட்டி, மஞ்சளும் உப்பும் தடவி, குசினி அடுப்புக்கு மேலே கம்பியில் கோர்த்துத் தொங்க விடுவோம்.

இந்தப் பழக்கத்தைக் கொஞ்சம் ஒழுங்காகவும் பயமில்லாமலும் செய்வது எப்படி என்பதுதான் இந்த இதழின் பாடம். வாசித்துவிட்டு வீட்டில் உள்ளவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள். கடைசியில் கேள்விகளும் உண்டு.

1. எங்க வீட்டில் நடந்தது

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு தீபாவளிக்கு இரண்டு கிலோ பன்றி இறைச்சி மிஞ்சியது. அம்மா உப்பு எடுக்கப் போனார். அப்பா சொன்னார்:

"உப்பு எதுக்கு புள்ள? வாயில வைக்க முடியாது. புகையே போதும், பூச்சி அண்டாது."

பெரிய பெரிய துண்டாகவே தொங்க விட்டோம். நாலு நாள் புகை பட்டது. மேலே பார்த்தால் நல்ல கருஞ்சிவப்பு, வாசமும் பிரமாதம். ஐந்தாம் நாள் வெட்டினால் உள்ளே பச்சை நிறம் ஓடியிருந்தது. "மேலாக மட்டும் எடுத்துக்கலாம்" என்று சமைத்தோம். அன்று இரவு முழுக்கத் தம்பிக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும். விடியக் காலை லொறியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். பிழைத்துக்கொண்டான். ஆனால் அம்மா அதற்குப் பிறகு அடுப்புக்கு மேலே எதையும் தொங்க விட்டதில்லை.

தப்பு எங்கே நடந்தது? அது எனக்கு விளங்கியது பல வருசம் கழித்து, மலையில் அல்ல, கடற்கரையில்.

2. காங்கேசன்துறையில் ஒரு முற்றம்

மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்கும் கீரிமலைக்கும் ஒரு நேர்த்தி இருந்தது. அட்டனில் ஏறி, பொல்கஹவெலையில் வண்டி மாறி, வடக்குப் பாதையில் கடைசி ஸ்டேசன் வரைக்கும் போனோம். அந்தக் கடைசி ஸ்டேசன்தான் காங்கேசன்துறை. போர் காரணமாக 1990இல் நின்றுபோன புகையிரதம், 2015 ஜனவரியில்தான் யாழ்ப்பாணத்திலிருந்து அங்கே மறுபடியும் ஓடத் தொடங்கியது.

அங்கே நமக்குப் பழக்கமான ஒரு பெயரும் உண்டு. சீமெந்து. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950இல் வேலை தொடங்கியது. நம்ம பக்கத்து லக்சபான நீர்மின் நிலையமும் அதே 1950இல் தொடங்கியதுதான். 1990இல் தொழிற்சாலை நின்றது, ஊரும் வெறிச்சோடியது. பக்கத்து மயிலிட்டி, நாட்டின் பேர்போன மீன்பிடித் துறைமுகங்களில் ஒன்று. அந்த மக்களும் 1990இல் இடம்பெயர்ந்து, 27 ஆண்டுகள் கழித்து 2017 ஜூலையில்தான் தங்கள் மண்ணில் மறுபடி கால் வைத்தார்கள்.

அந்தக் கரையில் ஒரு மீனவப் பெரியவர் வீட்டு முற்றத்தில் கட்டா மீனைப் பிளந்து, உப்புப் போட்டு, பாயில் பரப்பிக்கொண்டிருந்தார். நம்ம லயத்துக் கடைக்கு வருகிற கருவாடு இப்படித்தான் பிறக்கிறது என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

"ஐயா, நீங்க புகை போடுறதில்லையா?" என்று கேட்டேன்.

"எங்களுக்கு வெயில் இருக்குத் தம்பி. வெயில் இருக்கேக்க புகை எதுக்கு? மாரியிலதான் கஷ்டம். ஐப்பசி, கார்த்திகையில மழை பிடிச்சால் மீன் அழுகிப் போகும். புகையெண்டால் இஞ்ச புகையிலைக்குத்தான் போடுறவை."

அது உண்மைதான். யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் மெல்லும் புகையிலையைக் குடிலுக்குள் கட்டித் தொங்க விட்டு, தேங்காய் மட்டையை மூட்டிப் புகை போடுவார்கள். தீ எரியக் கூடாது, கனன்றுகொண்டே இருக்க வேணும். அதில்தான் கைப்பக்குவம்.

நான் எங்க வீட்டுப் பன்றி இறைச்சிக் கதையைச் சொன்னேன். பெரியவர் சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்த உப்புச் சாடியைத் தட்டிக் காட்டினார்.

"உப்பை விட்டுட்டியள். அதுதான் பிழை. இந்த மீனை ஏன் பிளக்கிறன்? உள்ளுக்குள்ள உப்புப் போக வேணும், காத்துப் போக வேணும். புகை தோலிலதான் நிக்கும் தம்பி. மீன் பழுதாகிறது முள்ளுப் பக்கத்தில."

இந்த ஒரு பேச்சுத்தான் இன்றைய பாடத்தின் சாரம்.

3. புகை என்ன செய்யும், என்ன செய்யாது

மரம் காற்றுக் குறைவாகக் கனலும்போது வருகிற புகையில் பல இரசாயனப் பொருள்கள் இருக்கின்றன. அவற்றில் சில கிருமி வளர்வதை மெதுவாக்கும். சில கொழுப்பு ஊசிப்போவதைத் தள்ளிப்போடும். நிறமும் மணமும் அவற்றால்தான். ஆனால் இவை எல்லாம் இறைச்சியின் மேற்பரப்போடு நின்றுவிடும். துண்டின் நடுப்பகுதியைக் காப்பது வேறு மூன்று விசயங்கள்:

உப்பு: இறைச்சியில் உள்ள நீரை இழுத்துக் கிருமிக்குக் கிடைக்காமல் செய்யும்.

சூடு: நடுப்பகுதி 74 பாகை செல்சியஸ் வரை சூடேறினால் நோய் தரும் சாதாரணக் கிருமிகள் சாகும்.

உலர்ச்சி: ஈரம் குறையக் குறையக் கிருமி பெருகாது.

5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடையில் உள்ள சூட்டில்தான் கிருமி வேகமாகப் பெருகும். நம்ம அடுப்புக்கு மேலே தொங்குகிற இறைச்சி நாள் கணக்காக இந்த எல்லைக்குள்ளேயே இருக்கிறது. எங்க வீட்டுத் துண்டு அழுகியது இதனால்தான். உப்பும் இல்லை, போதிய சூடும் இல்லை, துண்டும் பெரிது. புகை மட்டும் இருந்தது.

இன்னொரு ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். 1895 டிசம்பரில் பெல்ஜியம் நாட்டில் எலெசெல் என்ற கிராமத்தில் ஒரு மரண வீட்டுக்கு வாத்தியம் வாசிக்க வந்தவர்கள், உப்பிட்டு வைத்த பன்றித் தொடை இறைச்சியைச் சாப்பிட்டு நோயில் விழுந்தார்கள். மூன்று பேர் இறந்தார்கள். வான் எர்மெங்கெம் என்ற பேராசிரியர் அந்த இறைச்சியை ஆராய்ந்து, காற்று இல்லாத இடத்தில் வளர்ந்து நஞ்சு உண்டாக்கும் ஒரு கிருமியைக் கண்டுபிடித்தார். அந்த நோய்க்குப் பொட்டுலிசம் என்று பெயர். அதன் வித்து கொதிநீரிலும் சாகாது. நஞ்சு இருந்தாலும் சில வேளை நாற்றமோ நிறமாற்றமோ தெரியாது. ஆகவே புகை போட்ட இறைச்சியைப் போத்தலில் அடைத்தோ, எண்ணெயில் மூழ்க வைத்தோ, பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டியோ அலுமாரியில் வைப்பது கூடவே கூடாது.

4. மாசி சொல்லும் ஒழுங்கு

புகை போட்ட சாமான் நமக்குப் புதிது இல்லை. மாசிச் சம்பல் அரைக்காத லயம் உண்டா? மாலைதீவில் மாசி எப்படிச் செய்கிறார்கள் என்று பாருங்கள். சூரை மீனைத் துண்டாக்கி, முதலில் உப்புத் தண்ணீரில் அவிக்கிறார்கள். பிறகு புகை போடுகிறார்கள். அதற்குப் பிறகு கட்டை மாதிரி இறுகும்வரை பல நாள் வெயிலில் காய வைக்கிறார்கள். அவிப்பது முதல், புகை அடுத்தது.

நமக்கும் இந்த ஒழுங்குதான் பொருத்தம். இறைச்சிக்குள் குத்திப் பார்க்கும் வெப்பமானி நம்ம வீடுகளில் இல்லை. பச்சை இறைச்சியைப் பெட்டியில் வைத்து, உள்ளே வெந்ததா இல்லையா என்று ஊகிப்பதை விட, சட்டியில் முழுசாக அவித்துவிட்டுப் பெட்டியில் புகை ஊட்டுவது பத்திரம். அவிக்கும்போது கொழுப்பும் ஓரளவு இறங்கிவிடும். அதனால் பெட்டிக்குள் கொழுப்புச் சொட்டித் தீப்பிடிக்கிற பயமும் குறையும்.

மலையில் ஒரு விசேசம் உண்டு. உயரம் கூடக் கூடத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். கடல் மட்டத்தில் உள்ள காங்கேசன்துறையில் 100 பாகையில் கொதிக்கும் தண்ணீர், சுமார் 1,868 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவில் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். ஆகவே நாம் கொஞ்சம் கூடுதல் நேரம் அவிக்க வேண்டும்.

5. ஏன் பெட்டி? ஏன் மின்சாரம்?

"அடுப்புக்கு மேலேயே போடலாமே, பெட்டி எதுக்கு?" என்று கேட்பீர்கள். காரணம் இறைச்சி மட்டும் அல்ல, அம்மாவின் நெஞ்சும்தான். ஈர மிலாறு வைத்து மூட்டுகிற குசினியில் அம்மாவும் இடுப்புப் பிள்ளையும் குடிக்கிற புகை கொஞ்சமா? இருமலும் சளியும் மூச்சிழுப்பும் அதனால் கூடுகின்றன. இறைச்சிக்காக இன்னும் நாலு நாள் புகையைக் கூட்டுவது நியாயம் இல்லை. புகைப்பெட்டி வீட்டுக்கு வெளியே நிற்கும். மூன்று மணி நேரத்தில் வேலை முடியும்.

உலகத்தில் பலரும் இந்த வழிக்கு வந்திருக்கிறார்கள். ஆபிரிக்காவில் கானா நாட்டின் சோர்க்கோர் என்ற மீனவர் பகுதியின் பேரால் ஓர் அடுப்பு உண்டு. மீனைத் தட்டுத் தட்டாக அடுக்கிப் புகை போடும் அந்த அடுப்பு, பெண்களின் விறகுச் செலவைக் குறைத்தது. ஸ்கொட்லாந்தில் அபர்டீன் நகரத்துத் தொறி ஆய்வு நிலையம் 1939இல் காற்றையும் சூட்டையும் கட்டுப்படுத்தும் புகைக்கூடத்தைச் செய்தது. நம்ம நாட்டு இறப்பர் தோட்டங்களிலும் பால் ஷீட்டைப் புகைக்கூடத்தில் தொங்க விட்டுத்தான் காய வைக்கிறார்கள். எல்லாவற்றிலும் தத்துவம் ஒன்றே: கீழே சூடு, நடுவில் பொருள், மேலே புகை போக வழி.

மின் அடுப்பு வைப்பதால் ஒரு நன்மை, சூடு ஒரே சீராக இருக்கும். ஒரு கைப்பிடி மரத்தூள் போதும், விறகு தேவையில்லை.

6. பெட்டி கட்டும் முறை

தேவையானவை:

செங்கல் அல்லது சீமெந்துக் கல், அடிப்பீடத்துக்கு.

ஒரு அங்குலத் தடிப்புள்ள பெயின்ட் அடிக்காத பலகை.

1,000 வாட் மூடிய தட்டு மின் அடுப்பு ஒன்று, சூடு கூட்டிக் குறைக்கும் திருகு உள்ளது. கம்பிச் சுருள் வெளியே தெரியும் அடுப்பு வேண்டாம்.

தடித்த பழைய இரும்புச் சட்டி, மரத்தூள் வைக்க.

எவர்சில்வர் கம்பித் தட்டு இரண்டு.

எண்ணெய் சொட்டுப் பிடிக்க ஒரு தகரத் தட்டு.

முள் காட்டும் அடுப்பு வெப்பமானி ஒன்று. இதில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

கட்டுவது:

முதலாவது, இடம். லயத்திலிருந்து குறைந்தது 10 அடி தள்ளி, மேலே கூரையும் கீழே காய்ந்த சீமெந்துத் தரையும் உள்ள இடம். இஸ்தோப்பிலோ குசினியிலோ காம்பராவுக்குள்ளோ வைக்கவே கூடாது. கனலும் மரத்திலிருந்து வரும் காபன் மொனொக்சைட் வாயுவுக்கு நிறமும் மணமும் இல்லை, தூக்கத்திலேயே ஆளைக் கொல்லும்.

இரண்டாவது, பீடம். உள்ளளவு ஒன்றரை அடிச் சதுரமாக, ஒரு அடி உயரத்துக்குக் கல் கட்டுங்கள். அடியில் எதிரெதிராக இரண்டு அங்குல ஓட்டை இரண்டு விடுங்கள். காற்று இதனால் உள்ளே வரும். மின் கம்பி வெளியே வர இன்னொரு சின்ன ஓட்டை, தரையோடு ஒட்டி, அடுப்பின் சூடு படாத பக்கத்தில்.

மூன்றாவது, பெட்டி. பீடத்தின் மேல் ஒன்றரை அடிச் சதுரம், மூன்று அடி உயரத்தில் பலகைப் பெட்டி. அடிப்பக்கம் திறந்திருக்கும். முன்பக்கம் கதவு. மூடியில் மூன்று அங்குல ஓட்டை ஒன்று, அதைக் கூட்டிக் குறைக்க ஒரு தகரத் துண்டு.

நான்காவது, உள்ளமைப்பு. மின் அடுப்பைப் பீடத்துக்குள் கல்லின் மேல் வையுங்கள். அதன் மேல் இரும்புச் சட்டி. சட்டிக்கு எட்டு அங்குலம் மேலே தகரத் தட்டு. சுற்றிலும் ஒன்றரை அங்குல இடைவெளி இருந்தால் புகை அந்த வழியாக ஏறும். அதற்கு ஒரு அடி மேலே முதல் கம்பித் தட்டு. வெப்பமானியை இறைச்சி இருக்கும் மட்டத்தில், கதவில் துளைத்துப் பொருத்துங்கள்.

ஐந்தாவது, வெள்ளோட்டம். இறைச்சி வைக்காமல் இரண்டு மணி நேரம் வெறும் பெட்டியைச் சூடாக்கிப் பாருங்கள். 80 பாகை வருகிறதா, பலகை எங்காவது கருகுகிறதா, கம்பி சூடாகிறதா என்று கவனியுங்கள்.

சேர்க்கக் கூடாதவை: மருந்து, களைகொல்லி, உரம் வந்த பீப்பாவோ டின்னோ எத்தனை தரம் கழுவினாலும் ஆகாது. பழைய பிரிட்ஜ் பெட்டியும் வேண்டாம். அதன் பிளாஸ்டிக் சூட்டில் உருகி நஞ்சாகும், பிள்ளைகள் உள்ளே புகுந்து கதவு அடைபடும் ஆபத்தும் உண்டு. நாகம் பூசிய வலையில் இறைச்சியை வைக்காதீர்கள்.

7. மின்சாரத்துக்கு மரியாதை

லயத்தில் ஒரு காம்பராவில் பிடித்த தீ, கூரை வழியாக வரிசை முழுக்க ஓடும். ஒரு வீட்டின் கவனக் குறைவு பத்து வீட்டின் பாத்திரம் பண்டத்தையும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழையும் எரித்துவிடும். அதனால் இந்தப் பகுதியை இரண்டு தரம் வாசியுங்கள்.

1. லயத்துக் கம்பியில் கை வைக்கும் முன் தோட்ட நிர்வாகத்திடம் சொல்லுங்கள். வேலையைத் தகுதி உள்ள மின்வினைஞரே செய்ய வேண்டும்.

2. நம்ம மின்சாரம் 230 வோல்ட். 1,000 வாட் அடுப்பு நாலு அம்பியருக்கு மேல் இழுக்கும். பழைய 5 அம்பியர் பிளக்கில் மணிக்கணக்காக ஓட்டினால் சூடாகும். எர்த் உள்ள 13 அல்லது 15 அம்பியர் பிளக் வேண்டும்.

3. 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் இல்லாத வீட்டில் இந்தப் பெட்டியை ஓட்டக் கூடாது. மாதம் ஒரு தரம் அதன் சோதனைப் பொத்தானை அமுக்கிப் பாருங்கள். விழாவிட்டால் பழுது.

4. ஒட்டுப் போட்ட கம்பி, பல பிளக் குத்தும் கட்டை, ஜன்னல் வழியாக இழுத்த கம்பி, மூன்றும் ஆகாது.

5. ஈரக் கையும் வெறுங்காலும் வேண்டாம். மழை சாய்ந்து அடித்தால் அன்றைக்குப் புகை வேலையை நிறுத்துங்கள்.

6. பெட்டி ஓடும் நேரம் முழுக்கப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். பிரட்டுக்குப் போகிற நாளில் பற்றவைத்துவிட்டுப் போகக் கூடாது.

7. உள்ளே தீப்பிடித்தால் கதவைத் திறக்காதீர்கள். முதலில் மெயின் சுவிட்ச், பிறகு ஓட்டைகளை அடைப்பது. காய்ந்த மணல் ஒரு வாளி பக்கத்தில் இருக்கட்டும். தண்ணீர் ஊற்றாதீர்கள். யாரையாவது மின்சாரம் தாக்கினால் அவரைத் தொடாமல் முதலில் மெயினை அணையுங்கள்.

செலவு? 1,000 வாட் அடுப்பு முழுச் சூட்டில் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். மூன்று மணி நேரத்துக்கு அதிகம் போனால் மூன்று யூனிட். பெருநாளுக்கு ஒரு தரம் என்றால் தாங்கும். தினமும் என்றால் பில் ஏறும். நாலைந்து குடும்பம் சேர்ந்து ஒரு பெட்டி கட்டி, ஒரே நாளில் எல்லார் இறைச்சியையும் போட்டு எடுப்பதுதான் புத்தி.

8. எந்த மரத்தூள்?

கொய்யா, பலா போன்ற மரங்களின் காய்ந்த சிராய் நல்லது. தேங்காய் மட்டையும் பாவிக்கலாம். பைன், யூகலிப்டஸ் மாதிரிப் பிசினும் எண்ணெயும் உள்ள மரங்கள் வேண்டாம், கசக்கும். பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட், பசை போட்டு ஒட்டிய பலகை எதுவும் கூடாது. கவ்வாத்து மலையில் பொறுக்கிய தேயிலை மிலாறு விறகுக்குச் சரி. ஆனால் மருந்து அடித்த செடியின் குச்சியை உணவுக்குப் புகை போடப் பாவிக்காதீர்கள்.

புகை எப்போதும் மெல்லியதாக, நீலம் கலந்த வெள்ளையாக வர வேண்டும். தடித்து மஞ்சளாக வந்தால் காற்றுப் போதவில்லை. கீழ் ஓட்டையைத் திறந்து விடுங்கள்.

9. புகை போடும் நாள்

ஒரு கிலோ எலும்பில்லாத இறைச்சிக்குக் கணக்கு:

படி 1: கையையும் கத்தியையும் பலகையையும் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். அன்றைக்கு வெட்டிய புது இறைச்சியை ஒரு அங்குலத் தடிப்புக் கீற்றாக வெட்டுங்கள். பெரிய துண்டு வேண்டாம்.

படி 2: 25 முதல் 30 கிராம் உப்பு, மஞ்சள், மிளகு, விரும்பினால் உள்ளியும் இஞ்சியும் அரைத்துத் தடவி ஒரு மணி நேரம் மூடி வையுங்கள். பிரிட்ஜ் இருந்தால் இராத்திரி முழுக்க உள்ளே வைக்கலாம்.

படி 3: மூழ்கும் அளவு தண்ணீர் விட்டு அவியுங்கள். கொதி வந்த பிறகு குறைந்தது 30 நிமிடம். நடுவில் வெட்டினால் சிவப்பு நீர் வரக் கூடாது. அவித்த தண்ணீரைக் கொட்டாதீர்கள், உப்புப் பார்த்து ரசம் வைக்கலாம்.

படி 4: அவிக்கும்போதே பெட்டியையும் சூடாக்குங்கள். இறைச்சியை வடித்து, ஒன்றோடொன்று முட்டாமல் தட்டில் அடுக்கி, சூடு ஆறுவதற்குள் பெட்டியில் வையுங்கள். முதல் அரை மணி நேரம் மரத்தூள் இல்லாமல் மேல் ஓட்டையை முழுதாகத் திறந்து விடுங்கள். மேற்பரப்பு காய்ந்து கையில் லேசாக ஒட்டும் பதம் வரும். ஈர இறைச்சியில் புகை பிடித்தால் கரிப்பசையாகப் படியும்.

படி 5: இரும்புச் சட்டியில் இரண்டு கைப்பிடி காய்ந்த மரத்தூள். புகை வரும்வரை திருகைக் கூட்டி, வந்ததும் குறையுங்கள். பெட்டிச் சூடு 70க்கும் 90க்கும் இடையில் நிற்கட்டும். 60க்குக் கீழே இறங்க விடாதீர்கள். ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் போதும். தூள் சாம்பலானால் இன்னொரு கைப்பிடி.

படி 6: கதவை அடிக்கடி திறந்து பார்க்கக் கூடாது. பிள்ளைகளுக்கு அது பெரிய ஆசை, தூரத்தில் இருத்துங்கள். வேலை முடிந்ததும் பிளக்கைக் கழற்றி, சாம்பல் முழுக்க ஆறிய பிறகே கொட்டுங்கள்.

மீன் என்றால் காங்கேசன்துறைப் பெரியவர் காட்டிய மாதிரி பிளந்து, ஒரு லீற்றர் தண்ணீருக்கு 100 கிராம் உப்புக் கரைத்து அரை மணி நேரம் ஊற வைத்து, அதே ஒழுங்கில் செய்யலாம். மீன் சீக்கிரம் வேகும், உடையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

10. எத்தனை நாள் வைக்கலாம்?

இதைத்தான் எல்லாரும் கேட்பீர்கள். நேராகவே சொல்கிறேன். இந்தப் பெட்டி கருவாடு செய்யும் பெட்டி அல்ல. இறைச்சிக்குள் இன்னும் ஈரம் இருக்கிறது. பிரிட்ஜ் இல்லாத வீட்டில் அன்றைக்கே சாப்பிட்டு முடியுங்கள். பிரிட்ஜ் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் ஆற வைத்து உள்ளே வையுங்கள். மூன்று நாலு நாளுக்குள் தீருங்கள், சாப்பிடும் முன் நன்றாகச் சூடாக்குங்கள். மாசி மாதிரி மாதக் கணக்கில் வைக்க வேண்டும் என்றால் கடற்கரை வெயில் வேண்டும். அது நம்ம மலையில் இல்லை.

சாப்பிட்ட பிறகு யாருக்காவது கண் இரட்டையாகத் தெரிந்தால், இமை தொங்கினால், விழுங்கவோ பேசவோ கஷ்டம் வந்தால், கசாயம் வைத்துக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். என்ன சாப்பிட்டார் என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

இன்னொரு விசயம். உப்பிட்டும் புகை போட்டும் பதப்படுத்திய இறைச்சி குடல் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2015இல் அறிவித்தது. பயந்து ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் இது பெருநாள் சாப்பாடு, அன்றாடச் சாப்பாடு அல்ல. பிரசர் உள்ளவர்களும் சிறுநீரக நோய் உள்ளவர்களும் உப்பை நினைத்து இன்னும் குறைக்க வேண்டும்.

முடிவாக

கடற்கரைக்காரனுக்கு வெயில் துணை. மலைக்காரனுக்குப் புகை துணை. இரண்டு பேருக்கும் உப்பும் சூடும்தான் காவல். போன தீபாவளிக்கு நாங்கள் ஐந்து குடும்பம் சேர்ந்து கட்டிய பெட்டியில் முதல் தட்டை எடுத்தபோது, அம்மா ஒரு துண்டை நடுவில் பிய்த்து, வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தார். உள்ளே பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை.

"இப்போ சரி" என்று சொல்லி, முதல் துண்டைத் தம்பிக்குத்தான் கொடுத்தார்.

கலந்து பேசக் கேள்விகள்

1. இறைச்சித் துண்டின் நடுப்பகுதியைக் காக்கும் மூன்று விசயங்கள் எவை?

2. மாசி செய்யும் ஒழுங்கில் எது முதலில் வருகிறது? அது நமக்கு ஏன் பொருத்தம்?

3. உங்கள் வீட்டில் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதா? கடைசியாக எப்போது சோதித்தீர்கள்?

4. மருந்து வந்த பீப்பாவில் புகைப்பெட்டி செய்கிறேன் என்று பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னால் நீங்கள் என்ன சொல்வீர்கள்?

5. உங்கள் லயத்தில் பெட்டி வைக்கப் பத்திரமான இடம் எது? எந்தெந்தக் குடும்பங்கள் சேர்ந்து கட்டலாம்?